போதை மாத்திரைக்குக் காந்த வைத்தியம்: கடைக்கு வந்து கேட்பவர்களுக்கு

காவேரிப்பட்டினத்தில் மெடிக்கல் கடை வைத்து 22 வருடம் ஆகிறது. இரண்டு வருடத்துக்கு முன்னால், என் அக்கா மகனுக்காக ஒரு மாதம் கடையை விட்டுவிட்டு ஓசூரில் அவன் ரூமிலேயே தங்கி, அவன் போதை மாத்திரைப் பழக்கத்துக்குக் காந்த வைத்தியம் பார்க்கத் தினமும் அவனைப் பெங்களூருக்குக் கூட்டிக்கொண்டு போய் வந்தேன். என் வீட்டுக்காரியும் டி.ஃபார்ம். படித்தவள் என்பதால் கடை ஓடியது. யாரிடமும் சொல்லவில்லைதான், ஆனால் ஊருக்குத் தெரியாமல் இருக்குமா? இப்போது ராத்திரி ஷட்டர் இறக்கும் நேரம் பார்த்து யாராவது வந்து நிற்கிறார்கள். முதலில் நாலு பாரசிட்டமால் கேட்பார்கள். காசு கொடுத்த பிறகும் நகர மாட்டார்கள். அப்புறம், "அண்ணா, மெஷின் வச்சு மூளைக்கு ஏதோ பண்றாங்களாமே..." என்று மெதுவாக ஆரம்பிக்கும்.

ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லி முடிவதில்லை. அதனால் எழுதி வைக்கிறேன். நான் மருந்தாளுநர், டாக்டர் இல்லை. அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

எங்க பையன் போடுறது வெறும் வலி மாத்திரைதானே? அது எப்படி அபின் ஆகும்?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். கசகசாச் செடியின் காயைக் கீறினால் வரும் பால் அபின். அதிலிருந்து எடுப்பது மார்ஃபின், அதை மாற்றினால் ஹெராயின். டிராமடால், டாபென்டடால் எல்லாம் தொழிற்சாலையில் செய்த மாத்திரைகள்தான். ஆனால் மூளையில் இவை போய் உட்காரும் இடம் அதே இடம். ஒரே பூட்டுக்கு வேறு வேறு சாவி. இந்தக் குடும்பம் மொத்தத்துக்கும் ஓபியாய்டு என்று பெயர்.

புற்றுநோய் வலிக்கும், ஆபரேஷன் முடிந்த வலிக்கும் இந்த மருந்துகள் வேண்டியவை. டாக்டர் சீட்டோடு வருகிறவருக்கு நானே கொடுக்கிறேன். தொல்லை வருவது வேறு வழியில். நைட் ஷிப்ட் முடிந்து இடுப்பு பிடித்துக்கொண்ட பையனுக்குக் கூட வேலை செய்பவன் ஒன்று கொடுப்பான். கிரானைட் குவாரியில் தோள்பட்டை போனவருக்கும், இரண்டு நாள் தூங்காமல் லாரி ஓட்டுபவருக்கும் அப்படித்தான் ஆரம்பிக்கிறது. ஒன்று இரண்டாகும், இரண்டு அட்டையாகும். கொஞ்ச நாளில் விழுங்கினால் போதாது என்று ஊசிக்குப் போகிறார்கள். எங்கள் வீட்டில் தெரிய வந்ததே, பைக் சீட்டைத் தூக்கினபோது அடியில் துணியில் சுற்றி வைத்திருந்த இரண்டு சிரிஞ்சைப் பார்த்துத்தான். சுகருக்கு நான் விற்கும் அதே சிரிஞ்ச்.

2019-இல் மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்திக் கொடுத்த கணக்கெடுப்பில், இந்தியாவில் ஓபியாய்டு எடுப்பவர்கள் ஏறக்குறைய 2 கோடியே 26 லட்சம் பேர் என்று வந்தது. நூற்றுக்கு இரண்டு பேர். அதில் மாத்திரை வகை மட்டும் நூற்றுக்கு ஒன்றை ஒட்டி வருகிறது. டிராமடாலை 2018-இல் போதைப்பொருள் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார்கள். "வெறும் வலி மாத்திரைதானே" என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் போய்விட்டது.

ஒன்று, கஞ்சாவும் சாராயமும் இந்தக் குடும்பம் இல்லை. கீழே சொல்வதை அப்படியே அவற்றுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

மெஷின் வைத்தியம் என்றால் என்ன?

தலையைத் திறக்காமல், கம்பி சொருகாமல், வெளியிலிருந்தே மூளையின் ஒரு பகுதியைத் தூண்டுவது. பெரும்பாலும் இரண்டு வகை பேசுகிறார்கள்.

ஒன்று காந்தம். டாக்டர்கள் ஆர்.டி.எம்.எஸ். என்பார்கள். எட்டு வடிவத்தில் சுற்றிய செம்புக் கம்பிச்சுருளைத் தலைமேல் வைத்து, ஒரு நொடியை ஆயிரமாகப் பங்கு போட்டால் வரும் அவ்வளவு நேரத்துக்கு வேகமாக மின்சாரம் விடுவார்கள். சட்டென்று காந்தப்புலம் எழும்பி அடங்கும். காந்தப்புலம் மாறினால் பக்கத்தில் மின்சாரம் பிறக்கும் என்று ஃபாரடே 1831-இல் கண்டுபிடித்தாரே, பத்தாவது புத்தகத்தில் படித்திருப்பீர்கள். டைனமோ அந்த விதியில்தான் ஓடுகிறது. அதே விதியில் மண்டை ஓட்டைத் தாண்டி மூளை நரம்பில் ஒரு சின்ன மின்துடிப்பு பிறக்கிறது. இதை 1985-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தில் ஆன்டனி பார்க்கர் என்பவரும் அவரோடு இருந்தவர்களும் முதலில் செய்து காட்டினார்கள். காந்தத்தின் பலம் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அளவுக்குத்தான் இருக்கும்.

இன்னொன்று டி.டி.சி.எஸ். உப்புத்தண்ணீரில் நனைத்த இரண்டு பஞ்சை நெற்றியில் வைத்துப் பட்டை கட்டி, 1 முதல் 2 மில்லி ஆம்பியர் மின்சாரத்தை இருபது, முப்பது நிமிடம் விடுவது. அது நரம்பைத் துடிக்க வைக்காது. துடிக்கத் தயாராக இருக்கும் நிலையைக் கொஞ்சம் கூட்டும், குறைக்கும், அவ்வளவுதான்.

இது ஷாக் ட்ரீட்மென்ட் தானே?

இல்லை. ஷாக் கொடுப்பது மயக்க மருந்து கொடுத்து, வேண்டுமென்றே வலிப்பு வரவைப்பது. அது வேறு நோய்க்கு, வேறு வைத்தியம். அதையும் பழைய சினிமா பார்த்துவிட்டுப் பயப்படுகிறார்கள், அந்தக் கதை இங்கே வேண்டாம். காந்த வைத்தியத்தில் மயக்கம் கிடையாது, வலிப்பு வராமல் பார்த்துக்கொள்வார்கள், முடிந்ததும் எழுந்து நடந்து போய்ப் பஸ் ஏறலாம்.

கெட்ட பழக்கத்துக்கும் நெற்றிக்கும் என்ன சம்பந்தம்?

தொப்பூர் கணவாயில் இறங்கும் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். பாரம் கீழே இழுக்கும். ஓட்டுபவர் கியரைக் குறைத்து, பிரேக்கை விட்டு விட்டு மிதித்து இறங்க வேண்டும். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போனால் என்ன ஆகும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மூளையில் அந்தப் பாரம் மாதிரி இழுப்பது நடுவில் ஆழமாக இருக்கும் ஒரு பகுதி. "அது வேணும், இப்பவே வேணும்" என்று அதுதான் கேட்கும். பிரேக் நெற்றிக்குப் பின்னால், கொஞ்சம் பக்கவாட்டில் இருக்கிறது. பின்னால் வருவதை யோசித்து "வேண்டாம்" என்று சொல்கிற இடம். வருடக்கணக்கில் போதை எடுத்தவர்களுக்கு இந்தப் பிரேக் தேய்ந்திருப்பது ஸ்கேன் ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது.

சரி, இழுக்கிற இடத்தையே நேராக அடக்கிவிடலாமே என்று தோன்றும். எட்டு வடிவச் சுருளின் காந்தம் தலைக்குள் இரண்டு, மூன்று சென்டிமீட்டர்தான் போகும். அந்த ஆழத்துக்கு எட்டாது. அதனால் எட்டுகிற இடத்தை, அதாவது பிரேக்கை, பெரும்பாலும் இடது நெற்றிப் பக்கத்தைத் தட்டி உசுப்புகிறார்கள். அங்கிருந்து உள்ளே போகும் நரம்புப் பாதை வழியாக இழுப்பு குறையும் என்பதுதான் கணக்கு. ஆழத்துக்கே எட்டும்படி ஒலி அலையை ஒரு புள்ளியில் குவிக்கும் முறையையும் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் போதை நோயாளிகளிடம் சோதித்து வருகிறார்கள். அது இன்னும் ஆராய்ச்சிக்கூடத்துச் சமாச்சாரம்.

நாற்காலியில் உட்கார்ந்தால் என்ன செய்வார்கள்? வலிக்குமா?

நான் பக்கத்தில் இருந்து பார்த்ததைச் சொல்கிறேன். பல் டாக்டரிடம் இருப்பது மாதிரி சாயும் நாற்காலி. கம்மல், மோதிரம், அரைஞாண், பாக்கெட்டில் இருந்த சாவி எல்லாவற்றையும் கழற்றி ஒரு தட்டில் வைக்கச் சொன்னார்கள். என் மருமகன் கழுத்தில் குலதெய்வம் கோயில் கறுப்புக் கயிறும் தாயத்தும் இருந்தன. தாயத்து செம்பு. கழற்ற விடமாட்டேன் என்று அக்கா முதல் நாள் ஒரு பிடி பிடித்துவிட்டாள். கடைசியில் கயிறு இருந்தது, தாயத்து மட்டும் அக்காவின் முந்தானைக்குப் போனது.

அப்புறம் தையல்காரர் மாதிரி டேப் வைத்து மூக்குத் தண்டிலிருந்து பிடரி எலும்பு வரைக்கும், ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்கும் அளந்து, துணித் தொப்பியில் பேனாவால் குறி வைத்தார்கள். முதல் நாள் அளவு பார்க்க ஒரு வேலை செய்வார்கள். கை அசைவைப் பார்த்துக்கொள்ளும் இடத்துக்கு நேராகச் சுருளை வைத்து ஒரு தட்டு. கட்டைவிரல் தானாகத் துள்ளும். அவன் துள்ள வைக்கவில்லை, விரலே துள்ளியது. எந்த அளவு பலத்தில் விரல் துள்ள ஆரம்பிக்கிறதோ அதுதான் அந்த ஆளுக்கு அளவுகோல். அதை வைத்துத்தான் தினசரி டோஸ். ஆளுக்கு ஆள் மாறும்.

பிறகு காதில் பஞ்சு அடைப்பான். டக்டக்டக்டக் என்று நொடிக்குப் பத்துத் தட்டு, நாலு நொடி. அப்புறம் அரை நிமிடம் போல ஓய்வு. மறுபடி டக்டக்டக். மரங்கொத்தி தலையில் உட்கார்ந்த மாதிரி இருக்கு என்றான். புருவம் துடிக்கும், சிலருக்குப் பல்கூட லேசாக அடித்துக்கொள்ளும். தலைத்தோல் கொஞ்சம் வலிக்கும், அன்று சாயங்காலம் தலைவலி வரலாம். முதல் வாரம் இரண்டு நாள் பாரசிட்டமால் போட்டான், பிறகு தேவைப்படவில்லை. அரைமணி, முக்கால் மணியில் முடியும். வேறு சில முறைகளில் மூன்று நிமிடத்திலேயே முடித்துவிடுகிறார்கள். வாரம் ஐந்து நாள், நாலு வாரம் என்பது வழக்கம்.

இதில் சரியாகும் என்று நிரூபித்திருக்கிறார்களா?

இதற்கு "ஆமாம்" என்றும் "இல்லை" என்றும் ஒரே வார்த்தையில் சொல்கிறவரை நம்பாதீர்கள்.

காந்த வைத்தியத்தை மனச்சோர்வுக்கு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2008-இல் அனுமதித்தது. ஒரே எண்ணம் திரும்பத் திரும்ப வந்து கை கழுவிக்கொண்டே இருப்பார்களே, அந்த நோய்க்கு 2018-இல். சிகரெட்டை விடுவதற்கு 2020-இல். போதைப் பழக்கம் என்ற வகையில் அனுமதி கிடைத்தது அந்தச் சிகரெட்டுக்குத்தான். ஓபியாய்டு பழக்கத்துக்கு அனுமதி இல்லை.

அந்தச் சிகரெட் ஆய்வின் கணக்கைப் பாருங்கள், விஷயம் புரியும். வருடக்கணக்காகப் புகைத்த 262 பேர். பாதிப் பேருக்கு நிஜக் காந்தம், பாதிப் பேருக்குச் சத்தம் மட்டும் வரும் பொய்க் காந்தம். தொடர்ந்து நாலு வாரம் புகைக்காமல் இருந்தவர்கள் நிஜத்தில் நூற்றுக்கு 19 பேர், பொய்யில் நூற்றுக்கு 9 பேர். இரண்டு மடங்கு, பெரிய விஷயம்தான். ஆனால் நிஜக் காந்தம் வைத்த நூறு பேரில் 80 பேருக்குமேல் விடவில்லை என்பதும் அதே கணக்கில் இருக்கிறது. விளம்பரத்தில் முதல் பாதி மட்டும் வரும்.

ஓபியாய்டுக்கு வருவோம். சீனாவில் நீண்ட நாள் ஹெராயின் பழக்கம் இருந்தவர்களிடம் இடது நெற்றிப் பக்கம் நொடிக்குப் பத்துத் துடிப்பு கொடுத்துப் பார்த்து 2016-இல் எழுதினார்கள். ஹெராயின் படங்களைக் காட்டினால் எழும் ஏக்கம் குறைந்தது. நல்ல செய்தி. ஆனால் ஆய்வில் இருந்தது 20 பேர். அதற்கப்புறம் வந்தவையும் பெரும்பாலும் சின்ன ஆய்வுகள், ஒவ்வொன்றிலும் அளவும் நாளும் வேறு. அளந்ததும் பெரும்பாலும் "ஏக்கம் எவ்வளவு" என்று பத்துக்கு மார்க் போடச் சொல்லித்தான். ஏக்கம் குறைவது வேறு, ஆறு மாதம் கழித்து ஊசி எடுக்காமல் இருப்பது வேறு. அக்காவுக்கு வேண்டியது இரண்டாவது.

பொய்க் காந்தம் வைத்தவர்களுக்கும் கொஞ்சம் குணம் தெரிகிறதே, எப்படி? இது எனக்குப் படிப்பில் புரியவில்லை, ஓசூர் பஸ்ஸில்தான் புரிந்தது. நாலு வாரம் அவனைக் காலையில் எழுப்பி, டிபன் வாங்கிக் கொடுத்து, அத்திப்பள்ளி நெரிசலில் பக்கத்தில் உட்கார்ந்து, திட்டாமல் போய் வந்தேன். அவனே ஒரு நாள் சொன்னான்: "அந்த டக்டக் நேரத்துல மட்டும்தான் மாமா யாரும் என்னை எதுவும் கேக்கலை." அவனுக்கு எது வேலை செய்தது, காந்தமா அந்த ஒரு மாதமா என்று ஒரு ஆளை வைத்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அதற்குத்தான் பொய்க் காந்தம் வைத்து ஆய்வு செய்கிறார்கள்.

மாத்திரை வைத்தியத்துக்குப் பதிலாக இதை மட்டும் செய்யலாமா?

கூடாது. எங்களுக்கு அடி விழுந்தது இந்த இடத்தில்தான்.

நாங்கள் முதலில் போனது ஒரு தனியார் கிளினிக். "20 சிட்டிங்கில் மூளையையே ரீசெட் பண்ணிடலாம், மாத்திரை எதுவும் வேண்டாம், மாத்திரையும் போதைதான்" என்றார்கள். கேட்க இனிமையாக இருந்தது. மருந்து விற்கிற நானே தலையாட்டினேன். எந்த மருந்தையும் "வேண்டாம்" என்று ஒருவன் சொன்னால் ஏன் என்று கேட்பவன், அன்றைக்குக் கேட்கவில்லை. 20 சிட்டிங் முடிந்தது, பணம் போனது. மூன்றாவது மாதம் ஆடிப்பெருக்குக்கு ஊருக்கு வந்தவன் கூட்டாளிகளோடு போய்ப் போட்டுவிட்டான்.

பிறகு பார்த்த அரசு டாக்டர் கோபப்படவில்லை, ஒரு தாளில் வரைந்து காட்டினார். ஓபியாய்டுக்கு உலகம் முழுக்க வேலை செய்யும் என்று உறுதியானவை மூன்று மருந்துகள்: பியூப்ரெனார்ஃபின், மெத்தடோன், நால்ட்ரெக்சோன். முதல் இரண்டை ஒழுங்காக எடுப்பவர்களிடம் சாவு ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. காந்தத்துக்கு அப்படி ஒரு கணக்கு இன்னும் யாரிடமும் இல்லை. "மருந்து வண்டியோட நாலு சக்கரம். காந்தம் வச்சா பவர் ஸ்டியரிங். சக்கரத்தைக் கழட்டிட்டு ஸ்டியரிங் மாட்டிக்கிட்டீங்க" என்றார்.

காந்தத்தை ஒதுக்கச் சொல்லவில்லை. மருந்து எடுத்தும் ஏக்கம் அடங்காதவர்கள், கூடவே மனச்சோர்வு இருப்பவர்கள், இவர்களுக்கு அது துணையாக இருக்கலாம். இங்கே மனச்சோர்வு சேர்ந்தே வருவது சாதாரணம், அதற்குக் காந்தம் வேலை செய்யும் என்பதில் சந்தேகம் இல்லை. நரம்பு வலிக்கும் அசைவுப் பகுதியில் காந்தம் வைப்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. வலியில் ஆரம்பித்தவர்கள் டாக்டரிடம் இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

ஒரு போதைக்கு இன்னொரு போதையா?

பியூப்ரெனார்ஃபினைப் பற்றி எல்லோரும் சொல்வது. நானும் சொன்னேன். அதுவும் அதே பூட்டில் உட்காரும் சாவிதான், ஆனால் பாதி மட்டும் திரும்பும். போதையை நிறுத்தியதும் வரும் உடம்பு உபாதை அடங்கும், கிறக்கம் வராது, வேறு சாவி நுழையவும் இடம் கொடுக்காது. நாக்குக்கு அடியில் வைத்துக் கரைய விடுவார்கள். அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகலாம். சுகருக்கு வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் போடுபவரை யாராவது மாத்திரைக்கு அடிமை என்கிறோமா?

ஆரம்பிக்கும் நேரத்தில் மட்டும் கவனம் வேண்டும். பழைய போதை உடம்பில் நிறைந்திருக்கும்போது இதைக் கொடுத்தால் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு உட்காரும், உபாதை ஒரே அடியாக எகிறும். கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்செறிதல், கால் குடைச்சல் எல்லாம் வர ஆரம்பித்த பிறகே முதல் டோஸ். நால்ட்ரெக்சோனுக்கு இன்னும் பொறுக்க வேண்டும், ஒரு வாரம் பத்து நாள் சுத்தமாக இருக்க வேண்டும்.

காந்தம் யாருக்கு ஆகாது?

தலைக்குள் இரும்புத் துண்டு, கிளிப், காது கேட்பதற்காக உள்ளே பொருத்திய காக்ளியர் கருவி இருப்பவர்களுக்குக் கூடவே கூடாது. பேஸ்மேக்கர் இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அதைவிட நம் பையன்களுக்கு முக்கியம் வலிப்பு. காந்த வைத்தியத்தால் வலிப்பு வருவது அபூர்வம், ஆயிரம் பேரில் ஒருவருக்குக்கூட வராது. ஆனால் டிராமடால் தானே வலிப்பு வரவைக்கும் மாத்திரை. அதை அட்டை அட்டையாகப் போட்டு ஒரு முறையாவது கண் சொருகி, வாயில் நுரை தள்ளி விழுந்திருந்தால் அதை மறைக்காதீர்கள். "மயக்கம் போட்டான்" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். எப்படி விழுந்தான், கை கால் வெட்டியதா, நாக்கைக் கடித்தானா என்று டாக்டரிடம் விவரமாகச் சொல்லுங்கள். ராத்திரி முழுக்கத் தூங்காமல், அல்லது முந்தின நாள் குடித்துவிட்டுப் போய் நாற்காலியில் உட்காருவதும் ஆபத்து. நைட் ஷிப்ட் முடித்து நேராகப் போகிறேன் என்றால் அன்றைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஆன்லைனில் நெற்றியில் கட்டும் கருவி விற்கிறார்கள், வாங்கலாமா?

வேண்டாம். பஞ்சு காய்ந்தால் தோல் வேகும். எந்தப் பக்கம் எந்த முனை என்பது மாறினால் பலனும் மாறும். டி.டி.சி.எஸ்.ஸுக்கு ஓபியாய்டில் இருக்கும் ஆதாரம் காந்தத்தை விடவும் மெல்லியது.

காதில் மாட்டும் மெஷின் என்று ஒன்று இருக்கிறதாமே?

இருக்கிறது. அதை ஏக்கத்துக்காகச் செய்யவில்லை, நிறுத்தியதும் வரும் உபாதைக்காகச் செய்தது. காதுமடலைச் சுற்றி மெல்லிய ஊசி முனைகள் குத்தி, காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் சின்னக் கருவி. சில நாள் அங்கேயே இருக்கும். எஃப்.டி.ஏ. 2017-இல் அனுமதித்தது, 73 பேரிடம் பார்த்து. பொய்க் கருவியோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு இல்லை அது. பிறகு ஊசி இல்லாத வகையும் வந்தது. உபாதை என்பது இரண்டு மூன்றாம் நாள் உச்சத்துக்குப் போய் ஒரு வாரம், பத்து நாளில் தணிந்துவிடும். மாதக்கணக்கில் துரத்துவது ஏக்கம். அதற்குக் காதுக் கருவி பதில் சொல்லாது.

நம் பக்கத்தில் எங்கே போவது? செலவு?

முதலில் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, இல்லை கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. மனநலப் பிரிவுக்கு ஓ.பி. சீட்டு போட்டாலே போதும். அரூர், பென்னாகரம் பக்கத்துக்காரர்களுக்குத் தர்மபுரி, ஊத்தங்கரை, பர்கூர்க்காரர்களுக்குக் கிருஷ்ணகிரி. காந்தம் வேண்டுமா என்று அவர்கள் பார்த்துச் சொல்லட்டும். பெரிய இடம் வேண்டுமென்றால் மத்திய அரசின் மனநல மருத்துவமனையான பெங்களூர் நிம்ஹான்ஸ் இருக்கிறது. போதைக்கென்றே தனிப் பிரிவு உண்டு, ஓசூர் ரோட்டின் மேலேயே இருப்பதால் ஓசூர், தேன்கனிக்கோட்டை ஆட்களுக்குச் சேலம் போவதைவிடக் கிட்ட.

தனியாரில் காந்தத்துக்கு ஒரு சிட்டிங்குக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். ஒரு நாள் தொகையைக் கேட்டுவிட்டுத் தலையாட்டாதீர்கள். இருபதால் பெருக்கி, பஸ், சாப்பாடு, கூட வருபவரின் சம்பள நஷ்டம் எல்லாம் சேர்த்துப் பாருங்கள். கூடவே மூன்று கேள்வி கேளுங்கள்: மருந்தும் தருவீர்களா? மறுபடி போட்டால் என்ன செய்வீர்கள்? நாலு வாரம் முடிந்த பிறகு யார் பார்ப்பார்கள்? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14446 போதை மீட்புக்கான தேசிய எண், 14416 மனநல எண். இரண்டுக்கும் காசு இல்லை.

அவனுக்குத் தெரியாமல் ஏதாவது செய்ய முடியாதா? சாப்பாட்டில் கலந்து?

குடிக்கு அப்படிக் கலந்து கொடுத்து உயிருக்கே ஆபத்தான கதை நம் ஊரில் உண்டு. இதில் மோசம். மேலே சொன்னேனே, போதை உடம்பில் இருக்கும்போது தப்பான மருந்து போனால் துடித்துவிடுவான். காந்தத்தை ஏமாற்றிச் செய்யவும் முடியாது, அசையாமல் உட்கார வேண்டுமே! 2017-இல் வந்த மனநலச் சட்டப்படி அவன் சம்மதம் வேண்டும், அவன் விவரத்தை வெளியில் சொல்லவும் கூடாது.

கோயிலில் கயிறு கட்டுவதை நான் தடுப்பதில்லை. சாமி முன்னால் நாலு பேர் பார்க்க ஒரு வார்த்தை சொல்வதற்கு ஒரு பலம் இருக்கிறது. கயிறு கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

போனால் போலீஸுக்குச் சொல்லிவிடுவார்களா?

வைத்தியத்துக்குப் போவதற்காக வழக்கு வராது. போதைப்பொருள் சட்டத்திலேயே 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. சொந்தமாகப் பயன்படுத்தியது, கொஞ்சமாக வைத்திருந்தது என்று மாட்டியவர், தானாக முன்வந்து அங்கீகாரம் பெற்ற இடத்தில் வைத்தியம் எடுத்து முழுதாக முடித்தால் அந்தக் குற்றத்துக்கு நடவடிக்கை இல்லை. விற்றவருக்கு அது பொருந்தாது.

நிறுத்தி மூன்று மாதம் ஆகிறது. ஒரே ஒரு தடவை போட்டால்?

மிகவும் ஆபத்தான தடவை அதுதான். முன்பு தாங்கிய அளவை உடம்பு இப்போது தாங்காது. பழைய அளவு நினைவில் இருக்கும், அதைப் போடுவார்கள், மூச்சு நின்றுவிடும். காந்த வைத்தியம் மட்டும் எடுத்து மருந்தே எடுக்காமல் இருந்தவருக்கும் இதே கதைதான். ஆடிப்பெருக்கு அன்று எங்கள் பையன் பிழைத்தது கூட இருந்த கூட்டாளி ஒருவன் பயந்து எனக்குப் போன் செய்ததால்.

உதடு நீலம், குறட்டை மாதிரி இழுத்து இழுத்து மூச்சு, கண்ணுக்குள் கருமணி ஊசிமுனை மாதிரி, தட்டினாலும் எழவில்லை. இப்படி இருந்தால் 108. வரும்வரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தனியாக விடாதீர்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், மோர் புகட்டாதீர்கள். ஆஸ்பத்திரியில் நாலாக்ஸோன் என்ற ஊசி இருக்கிறது, நேரத்தில் போட்டால் எழுந்து உட்காருவான். என்ன போட்டான் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அட்டை கிடந்தால் எடுத்துக்கொண்டு போங்கள்.

உங்க மருமகன் இப்ப எப்படி இருக்கான்?

பியூப்ரெனார்ஃபினில் இருக்கிறான். ஓசூர் வேலைக்கே திரும்பினான், நைட் ஷிப்ட் மட்டும் எடுப்பதில்லை. இந்த வருடம் மாங்கூழ் சீசனில் லீவு போட்டு ஊருக்கு வந்து அவன் அப்பாவோடு லோடு ஏற்றினான். நடுவில் ஒருமுறை சறுக்கினான். அவனே வந்து சொன்னான், டாக்டர் டோஸை மாற்றினார்.

அந்த மருந்து உங்க கடையில கிடைக்குமா?

கிடைக்காது. பியூப்ரெனார்ஃபின் நாக்கடி மாத்திரை சாதாரண மெடிக்கல் கடைக்கு வருவதில்லை, போதை மீட்பு மையங்களுக்குத்தான் போகும். எந்தக் கடையிலாவது சீட்டு இல்லாமல் எடுத்துக் கொடுத்தால் அந்தக் கடையைப் பற்றி யோசியுங்கள். என்னிடம் கிடைப்பது வழி மட்டும். அதைக் கேட்க ஷட்டர் இறக்கும் வரைக்கும் தெருமுனையில் நிற்க வேண்டாம். மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரைக்கும் கடையில் கூட்டம் இருக்காது, உட்கார ஸ்டூலும் இருக்கிறது.